முதல் பத்தியில் ஆட்டம் வரட்டும்: பாரா விளையாட்டு அமைப்புக்கு வெளிநாட்டு ஊடக வேலை பார்ப்பது எப்படி?

வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் நம் ஊர் பாரா வீரரைப் பற்றி எழுதினால், அதன் முதல் பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் விபத்தில் ஆரம்பிக்கும். இல்லையென்றால் ஓட்டு வீடு, அம்மாவின் கூலி வேலை, கண்ணீர். எந்தப் பிரிவில் ஆடினார், எத்தனை மீட்டர் தாண்டினார், எதிரில் நின்றவர் யார் என்பதெல்லாம் ஏழாவது பத்தியில் வந்தால் உண்டு. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுக்காக நடக்கும் அமைப்பில் ஊடகப் பொறுப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பதக்கம் வந்தால் செய்தி தானாக வரும். அந்தச் செய்தியின் முதல் பத்தியில் ஆட்டத்தைக் கொண்டுவந்து வைக்கத்தான் நாம் இருக்கிறோம்.

நான் தமிழ்ப் பத்திரிகை டெஸ்க்கில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். சென்னையில் இருக்கும் எங்கள் அமைப்பு சின்னது. வீல்சேர் கூடைப்பந்து, பாரா பேட்மின்டன், கொஞ்சம் தடகளம். வெளிநாட்டுச் செய்தியாளர் கெட்ட எண்ணத்தோடு சோகக் கதை எழுதுவதில்லை. அவர் கையில் இருப்பது அது ஒன்றுதான், அதனால் எழுதுகிறார். டெட்லைன் இரண்டு மணி நேரத்தில். ஆட்டத்தின் விவரம் யாரும் கொடுக்கவில்லை. விபத்துக் கதையோ ஏற்கெனவே இணையத்தில் கிடக்கிறது. ஆகவே ஆட்டத்தின் விவரத்தை அவர் மேஜைக்கு முதலில் கொண்டு சேர்ப்பவர் நீங்களாக இருக்க வேண்டும்.

மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ரியோவில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம். டோக்கியோ இறுதிப் போட்டியன்று மழை. பாதிப்பு உள்ள காலில் அணிந்திருந்த சாக்ஸ் நனைந்துவிட்டதால் உந்தி எழும்புவது சிரமமாக இருந்தது என்று அவரே பிறகு சொன்னார். தங்கம் வென்ற அமெரிக்கர் சாம் க்ரூ தாண்டியது 1.88. நனைந்த சாக்ஸுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கும் நடுவில் ஒரு முழுக் கட்டுரையே இருக்கிறது. ஐந்து வயதில் நடந்த பேருந்து விபத்தைவிட அன்றைய மழைதான் அந்தப் போட்டியின் கதை. இந்த மாதிரி விவரம் பயிற்சியாளரிடமும் வீரரிடமும்தான் இருக்கும். போட்டி முடிந்து அரை மணி நேரத்துக்குள் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் போய்விடும்.

விவரத்தாள்

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பக்க விவரத்தாள், ஆங்கிலத்தில். பிறந்த ஊர், பிரிவு, சிறந்த சாதனை, அது நடந்த தேதியும் இடமும், பயிற்சியாளர், அடுத்த போட்டி. இதெல்லாம் எல்லோரும் செய்வது. நம் ஊருக்கென்று தனியாகச் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: பெயர்.

தமிழ்நாட்டு வீரர் பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து போட்டி நடத்துபவர்களின் பட்டியலுக்குப் போகும், அங்கிருந்து செய்தி நிறுவனங்களுக்கு. முதல் வரியில் முழுப் பெயர், இரண்டாவது வரியிலிருந்து குடும்பப் பெயர் என்பது அவர்கள் வழக்கம். ஆக, பாய்ந்தவர் மாரியப்பன். உலகம் முழுக்க அச்சானது ‘தங்கவேலு பாய்ந்தார்’ என்று. பாரிஸில் பேட்மின்டன் எஸ்.யு.5 பிரிவில் (கையில் பாதிப்பு உள்ளவர்கள் ஆடுவது) வெள்ளி வென்ற துளசிமதி, முருகேசன் ஆகிவிடுவார். விவரத்தாளின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: ‘இரண்டாவது முறை குறிப்பிடும்போது துளசிமதி என்று எழுதவும்; முருகேசன் அவருடைய தந்தையின் பெயர்.’ கூடவே வீரரே தன் பெயரைச் சொல்லும் ஐந்து விநாடி ஆடியோ. ‘ழ’, ‘ள’ எல்லாம் வர்ணனையாளருக்குச் சரியாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்த ஆடியோவை அனுப்பினால் நிறைய பேர் முயற்சி செய்கிறார்கள். வீரரின் அம்மா டிவியில் கேட்கும்போது பிள்ளையின் பெயர் பிள்ளையின் பெயராக ஒலிக்க வேண்டாமா?

அடுத்தது பிரிவு, அதாவது பாதிப்பின் வகையையும் அளவையும் பொறுத்து வீரர்களைப் பிரித்து வைப்பது. டி42, டி63, எஸ்.யு.5, எஸ்.எச்.6 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் தேவை, அதுவும் ஆட்டத்தில் என்ன மாறுகிறது என்ற விளக்கம். மாரியப்பன் டி42, அந்தப் பிரிவில் காலில் பாதிப்பு இருக்கும், செயற்கைக் கால் இல்லாமல் போட்டியிடுவார்கள். டி63 என்றால் முழங்காலுக்கு மேல் கால் இழந்து செயற்கைக் காலோடு தாண்டுபவர்கள். உயரம் தாண்டுதலில் இரண்டு பிரிவும் சேர்ந்தே நடக்கிறது. இதைச் சொன்னால்தான் செய்தியாளருக்குப் போட்டி புரியும்.

வீல்சேர் கூடைப்பந்துக்கு நான் எப்போதும் கொடுக்கும் விளக்கம் இது. வீரர்களுக்கு அவர்கள் உடலின் இயக்கத்தைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. வளையத்தின் உயரம் எல்லோருக்கும் உள்ள அதே 3.05 மீட்டர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு தடவைக்கு மேல் தள்ளினால் தப்பு. இதைப் படித்துவிட்டு வரும் செய்தியாளர் பயிற்சியாளரிடம் ‘நான்காவது குவார்ட்டரில் ஏன் அந்த 4.0 வீராங்கனையை வெளியே எடுத்தீர்கள்?’ என்று கேட்பார். படிக்காமல் வருபவர் ‘உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்பார்.

இன்னொன்று. காது கேளாத வீரர்கள் உங்கள் அமைப்பில் இருந்தால், அவர்களை பாராலிம்பிக் கணக்கில் சேர்க்காதீர்கள். மதுரை ஜெர்லின் அனிகா 2022 மே மாதம் பிரேசிலில் மூன்று தங்கம் வென்றது டெஃப்லிம்பிக்ஸில். அது தனி அமைப்பு, தனிப் போட்டி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி வரும் மின்னஞ்சலைப் பார்த்ததும் விளையாட்டு டெஸ்க்கில் இருப்பவருக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை குறைந்துவிடும்.

உடல்நிலை பற்றி எவ்வளவு சொல்லலாம் என்பதை வீரரே முடிவு செய்யட்டும். அவர் ஒப்புக்கொண்ட ஒரே வரியை விவரத்தாளில் எழுதிவிடுங்கள். ‘சிறு வயதில் போலியோ பாதிப்பு, வீல்சேர் பயன்படுத்துகிறார்.’ போதும். அதற்கு மேல் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்று பேட்டிக்கு முன்பே செய்தியாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ‘முடங்கிய’, ‘அவதிப்படும்’ போன்ற சொற்கள் உங்கள் பிரஸ் ரிலீஸில் எந்த மொழியிலும் இருக்கக் கூடாது. நாமே எழுதினால் அவர்கள் எழுதாமல் இருப்பார்களா?

யாருக்கு, எப்போது

உலகத்தில் உள்ள எல்லா மின்னஞ்சல் முகவரிக்கும் ஒரே பிரஸ் ரிலீஸை அனுப்புவது வீண். என் பட்டியலில் மூன்று அடுக்கு உண்டு.

முதலில் செய்தி நிறுவனங்கள்: ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி., நம் பி.டி.ஐ. இவர்களில் ஒருவர் எடுத்தால் நூறு இடத்தில் வரும். இவர்களுக்குத் தேவை எண், பெயர், மேற்கோள், படம்.

இரண்டாவது, போட்டி நடக்கும் நாட்டு ஊடகம். 2026 அக்டோபர் 18 முதல் 24 வரை ஆசிய பாரா விளையாட்டுகள் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில். அப்படியென்றால் கியோடோ செய்தி நிறுவனம், என்.எச்.கே. ஒளிபரப்பு. 2028 ஆகஸ்ட் 15 முதல் 27 வரை லாஸ் ஏஞ்சலஸ் பாராலிம்பிக். அப்போது அமெரிக்க ஊடகம். நம் வீரருக்கு அந்த நாட்டில் ஒரு போட்டியாளர் இருந்தால் அதுதான் நுழைவாயில். மாரியப்பன் – க்ரூ போட்டியை அமெரிக்கச் செய்தியாளருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது அடுக்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: வெளிநாட்டுத் தமிழ் ஊடகம். 1935 முதல் வரும் சிங்கப்பூரின் தமிழ் முரசு, கொழும்பின் வீரகேசரி, ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் ஒலிபரப்பு, பி.பி.சி. தமிழ். இங்கே வீரர் தன் மொழியிலேயே பேசலாம், நடுவில் யாரும் தேவையில்லை. நான் புது வீரரின் முதல் வெளிநாட்டுப் பேட்டியை இவர்களில் ஒருவரிடம்தான் ஏற்பாடு செய்வேன். தயக்கம் போய்விடும். அப்புறம் ஆங்கிலப் பேட்டிக்குப் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்பது மனதில் ஒழுங்காக இருக்கும்.

நேரக் கணக்கு முக்கியம். கோடையில் சென்னையில் மாலை 6 மணிக்கு அனுப்பினால் லண்டனில் பகல் 1.30, பெர்லினில் 2.30, நியூயார்க்கில் காலை 8.30. மூன்று இடத்துக்கும் பொருத்தமான நேரம். ஆனால் டோக்கியோவில் அது இரவு 9.30. ஜப்பானுக்கு நம் காலை 7 மணிக்கு அனுப்புங்கள், அங்கே 10.30 ஆகியிருக்கும். ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும். அந்த இடைப்பட்ட நாட்களில் வைத்த வீடியோ பேட்டி எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். எம்பார்கோ (இந்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை) போடும்போது இந்திய நேரத்தையும் கிரீன்விச் நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் சண்டை வராது.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். கடவுச்சொல் கேட்காத டிரைவ் இணைப்பு, படத்தின் கோப்புக்குள்ளேயே பெயர், இடம், தேதி, எடுத்தவர் பெயர். பாராலிம்பிக் போட்டியின் காணொளி உரிமை ஒளிபரப்பாளர்களிடம் இருப்பதால், நீங்கள் கொடுக்கக்கூடியது பயிற்சிக் காட்சிதான். அதை முன்கூட்டியே நன்றாக எடுத்து வையுங்கள். அதேபோல பத்திரிகையாளர் அனுமதி அட்டை பெரும்பாலும் அந்தந்த நாட்டின் பாராலிம்பிக் கமிட்டி வழியாகப் போகும். போட்டிக்குப் பல மாதங்கள் முன்பே கெடு முடிந்துவிடும். கடைசி நேரத்தில் உங்களிடம் கேட்பவருக்கு நீங்கள் உதவ முடியாது. அதனால் உள்ளூர் செய்தியாளர்களுக்கு முதலிலேயே நினைவூட்டுங்கள்.

பேட்டி

இந்த வேலையில் எனக்கு ரொம்பக் கோபம் வருவது மொழிபெயர்ப்பில்தான். ஒரு பேட்டியில் எங்கள் கூடைப்பந்து வீராங்கனை சொன்னது இது:

‘மூணாவது குவார்ட்டர்ல இடுப்பு ஸ்ட்ராப் தளர்ந்துபோச்சு. பந்தை வாங்கத் திரும்பினா உடம்பு ஒரு பக்கம் போகுது, சேர் ஒரு பக்கம் போகுது. எங்ககிட்ட டைம்-அவுட் மிச்சம் இல்ல. அதனால அப்புறம் இடது பக்கமா மட்டும் திரும்பி ஆடினேன். அவங்க அதைக் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு.’

செய்தியாளர் ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னது: ‘பல சிரமங்களைத் தாண்டி விளையாடினாராம்.’

எவ்வளவு பெரிய அநியாயம். அவள் ஒரு ஆட்டக்காரியின் மூளையைக் காட்டினாள். அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு பாவப்பட்ட பெண்ணின் படம். நான் குறுக்கே புகுந்து ஸ்ட்ராப்பைப் பற்றி முழுவதும் சொன்னேன். செய்தியாளர் பேனாவை எடுத்து வேகவேகமாக எழுதினார். கட்டுரை அந்த இடதுபக்கத் திருப்பத்தில்தான் ஆரம்பித்தது.

ஆகவே மொழிபெயர்ப்பாளரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். முந்தின நாள் பயிற்சிக்கு அழைத்து வந்து உட்காரவைத்து, ஆட்டத்தின் சொற்களைப் பழக்குங்கள். ஒவ்வொரு வாக்கியமாக, ‘நான்’ என்றே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ‘அவர் என்ன சொல்கிறார் என்றால்’ வேண்டாம். செய்தியாளர் வீரரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரையோ கூட வந்த அண்ணனையோ பார்த்து அல்ல. சைகை மொழி என்றால் இந்திய சைகை மொழி தெரிந்தவர் தேவை. வெளிநாட்டிலிருந்து அவர்கள் கூட்டிவரும் ஆள் வேறு சைகை மொழிக்காரர். நம் பிள்ளைக்கு அது புரியாது.

வீரருக்கு ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலும் தமிழில் பேச விடுங்கள். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் வெரி ஹேப்பி’யோடு நிற்கும் பிள்ளை, தமிழில் சர்வீஸ் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், தமிழில், அவர்களுக்குப் படித்துக் காட்டி. வீட்டு முகவரி, பள்ளிப் பெயர் வெளியே போகக் கூடாது. பெரியவர்களிடமும் சம்மதத்தை ஒரு தடவை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்காமல், ஒவ்வொரு கோரிக்கைக்கும் கேளுங்கள். போன வருஷம் சரி என்றவருக்கு இந்த வருஷம் வேண்டாம் என்று தோன்றலாம். கடையில் வேலை பார்க்கும் வீரர் பேட்டிக்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்தால், அதை அமைப்பின் செலவில் கொடுத்துவிடுங்கள். செய்தியாளரிடம் கேட்காதீர்கள், நல்ல செய்தி நிறுவனம் பேட்டிக்குப் பணம் தராது, தரவும் கூடாது.

நேரில் வந்தால்

முதல் மின்னஞ்சலிலேயே விசாவைக் கேளுங்கள். செய்தி சேகரிக்க வரும் வெளிநாட்டவருக்கு ‘ஜே’ வகைப் பத்திரிகையாளர் விசா வேண்டும். ஆவணப்படம் என்றால் அவர்கள் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகம் வழியாகத் தனி அனுமதி. சுற்றுலா விசாவில் வந்து கேமராவைத் தூக்கினால் அவர்களுக்கும் சிக்கல், கூட நின்ற உங்களுக்கும் சிக்கல். எஸ்.டி.ஏ.டி. (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) அரங்கங்களில் படமெடுக்க அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே கையில் வைத்திருங்கள்.

சென்னை வெயில் அவர்களுக்குத் தெரியாது. மே மாதம் பதினொரு மணிக்கு வெளியில் படப்பிடிப்பு என்று அட்டவணை வரும். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு மாற்றுங்கள். வெளிச்சமும் அப்போதுதான் அழகு. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழைக்காக ஓர் உள்ளரங்கத்தைக் கையில் வைத்திருங்கள். எல்லோருக்கும் மெரினாவில் ஒரு ஷாட் வேண்டும். 2022 நவம்பரில் அங்கே மணல் மேல் போட்ட மரப் பாதை, இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் சேதமானது. அதனால் வீரரைக் கூட்டிப்போவதற்கு முந்தின நாள் யாராவது நேரில் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வாருங்கள். ‘நன்றாக இருக்கும் காட்சி’க்காக மணலில் வீல்சேரைத் தள்ளவைப்பதற்கும், நாலு பேர் தூக்கிப்போவதைப் படமெடுப்பதற்கும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

கேமரா வீரரின் கண் மட்டத்தில் இருக்கட்டும். வீல்சேர் ஆட்டம் என்றால் புகைப்படக்காரர் தரையில் உட்கார வேண்டும். மேலிருந்து எடுத்தால் ஆள் சின்னதாகி, இரக்கம்தான் மிஞ்சும். கீழிருந்து எடுத்தால் தோளும் சக்கரத்தின் வேகமும் தெரியும். சேரை யாரும் தொடக் கூடாது, தள்ளி உதவவும் கூடாது. பிரஸ் மீட் வைக்கும் இடத்தில் சாய்தளமும், வீல்சேர் போகும் கழிப்பறையும், மேடைக்கு ஏறும் வழியும் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் செய்தியாளரே வீல்சேரில் வரலாம்.

முடிவு வரும் நாள்

பதக்கம் என்று டிவியில் வந்த உடனே பிரஸ் ரிலீஸை அனுப்பக் கை துடிக்கும். பொறுங்கள். டோக்கியோவில் வட்டு எறிதல் எஃப்52 பிரிவில் வினோத் குமார் வெண்கலம் வென்றார். பிரிவு குறித்த ஆட்சேபத்தால் மறுநாளே அது ரத்தானது. பாரிஸில் ஈட்டி எறிதல் எஃப்41-இல் நவ்தீப் சிங் 47.32 மீட்டர் எறிந்து வெள்ளி என்று இருந்தவர், ஈரான் வீரர் தகுதி நீக்கம் செய்யப்பட்டதும் தங்கத்துக்கு உயர்ந்தார். அதிகாரபூர்வ முடிவு வந்த பிறகு அனுப்புங்கள். தங்கம், வெள்ளி, நான்காம் இடம் மூன்றுக்கும் வரைவு தயாராக இருக்கட்டும். பிரிவு குறித்த சர்ச்சை வந்தால் நீங்கள் மருத்துவ விளக்கம் கொடுக்கக் கூடாது. ‘முடிவை அதிகாரிகள் அறிவிப்பார்கள், வீரர் அதன் பிறகு பேசுவார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வீரரின் தொலைபேசியை நம்பிக்கையான ஒருவர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கட்டுரை வந்த பிறகு

நல்ல கட்டுரை வெளிவந்தால் ‘எப்படிப் பணம் அனுப்புவது?’ என்று வெளிநாட்டு வாசகர்கள் எழுதுவார்கள். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் பணம் முதலில் வர வேண்டும். வீரரின் சொந்தக் கணக்கு எண்ணை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணக்காளரிடம் பேசி, இந்தக் கேள்விக்கான பதிலைக் கட்டுரை வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

அப்புறம், கட்டுரையை வீரருக்குத் தமிழில் முழுவதும் படித்துச் சொல்லுங்கள். இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். தவறு இருந்தால் அன்றே செய்தியாளருக்கு எழுதுங்கள்: எந்த வரி, என்ன தவறு, சரியானது எது, அதற்கு ஆதாரம் எது. நாலே வரி, கோபமில்லாமல். இணையப் பதிப்பில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் திருத்திவிடுவார்கள். பெயரும் பிரிவும் தப்பாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். அடுத்தவர் அங்கிருந்துதான் எடுத்து எழுதுவார். திருத்தியவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த போட்டியின் தேதியையும் அதே மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.